வாசகர் கேள்வி பதில்: கலர் மாறுற தாளை நம்பி மீன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம்க்கா. மீன் கெட்டுப்போனா கலர் மாறிக் காட்டுற பிளாஸ்டிக் தாள் ஒண்ணு இருக்காம், மகன் போன்ல காட்டினான். எங்க தோட்டத்துக்கு மீன் வேன் வந்து சேரவே மதியம் ஆயிடுது, ஐஸ் பாதி கரைஞ்சி தண்ணியா நிக்கும். அந்தத் தாள் இருந்தா நல்ல மீனா பாத்து வாங்கிடலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம்மா. மகன் காட்டினது நெசம்தான். மீன் கெட ஆரம்பிச்சதும் பாக்டீரியாவால அமோனியா, ட்ரைமெத்திலமின்னு வாயு கிளம்பும், மூக்குல ஏறுற அந்த வீச்சமே ட்ரைமெத்திலமின்தான், இதெல்லாம் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது, மிளகாக் காரம் இல்ல. தாளுக்குள்ள மஞ்சள்ல இருக்கிற குர்குமினோ, சங்குப்பூவுல இருக்கிற ஆந்தோசயனினோ சாயமா கலந்து வச்சிருப்பாங்க, காரம் பட்டதும் கலர் மாறிடும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவந்து போகுதுல்ல, அதே கெமிஸ்ட்ரி. இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற கைட்டோசான், மரவள்ளி மாவு இதுலயெல்லாம் தாள் செஞ்சி ஆராய்ச்சி பண்றாங்க.

ஆனா மூடின பாக்கெட்டுக்குள்ள வாயு தேங்கினாத்தான் அது வேலை செய்யும். வேன்ல திறந்து கொட்டி வச்சிருக்கிற மீனுக்குப் பக்கத்துல புடிச்சா ஒண்ணும் தெரியாதும்மா.

அதைவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் அதிகம் வாங்குறது கெம்போங் (கானாங்கெளுத்தி), தொங்கோல் (சூரை). இந்த ஜாதி மீன் ஐஸ் இல்லாம சூட்டுல கிடந்தா உள்ளுக்குள்ள ஹிஸ்டமின்னு அலர்ஜி மாதிரி பண்ற ஒரு பொருள் சேர்ந்துடும், அது வாயு இல்ல, நாத்தமும் வராது, தாளும் காட்டாது, கொதிக்க வச்சாலும் பொரிச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, அரிச்சி, தலைவலி, படபடப்பு வரும், நம்மாளுங்க அலர்ஜின்னு நெனைச்சி விட்டுடுறாங்க. அதனால செவுளையும் கண்ணையும் பாக்குறதுக்கு முன்னால ஐஸைப் பாருங்க. மீனை மூடுற அளவுக்கு ஐஸ் இல்லன்னா அன்னிக்கு கெம்போங் வேணாம், முட்டை வச்சி சமாளிச்சிடுங்க. வேன்காரர்கிட்ட நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து ஐஸ் கூடப் போடச் சொல்லுங்க, நீங்க கேட்டா போடுவாரு.

என்னைக் கேட்டா தோட்டத்துக்கு வேண்டியது சூட்டைக் காட்டுற லேபிள்தான். 1996லேயே போலியோ சொட்டு மருந்து குப்பியில வந்துடுச்சி: வட்டத்துக்குள்ள ஒரு சின்னக் கட்டம், சூடு பட பட கருத்துக்கிட்டே போகும், திரும்ப ஐஸ்ல வச்சாலும் வெளுக்காது, வழியில நடந்ததை மறைக்கவே முடியாது. மீன் பெட்டிக்கும் அது மாதிரி ஒட்டினா கடல்கரையில இருந்து நம்ம வாசல் வரைக்கும் ஐஸ் ஒழுங்கா இருந்துச்சான்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: அக்கா, நான் காலையில ரோட்டோரமா நாசி லெமாக் விக்கிறேன். இந்த மாதிரி தாள்ல மடிச்சிக் கொடுத்தா கஸ்டமருக்கு நம்பிக்கை வரும்ல?
– ஒரு வாசகர், பீடோர்

பதில்: வேணாம் தம்பி. மீனுக்கு செஞ்ச தாள் காரத்தைத்தான் பாக்கும், தேங்காப்பால் சோறு கெட்டா புளிக்கும், அது அமிலம், அப்படியே எதிர்ப்பக்கம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனித்தனியா செஞ்சாத்தான் உண்டு. அதோட ஈரமான சூடான சோறு பட்டா தாள்ல இருக்கிற சாயம் சோத்துல இறங்கலாம், உணவுக்குன்னு சோதிச்சி விக்காத எதையும் சோத்துல பட விடாதீங்க.

சோத்துல இன்னொரு ஆபத்து பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா. ஆக்கும்போது அதோட வித்து சாகாது, சோறு வெதுவெதுன்னு கிடந்தா முளைச்சி வாந்தி எடுக்க வைக்கிற விஷத்தை உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் அழியாது. சோத்தை 60 டிகிரிக்கு மேல சூடா வச்சிருந்து ஆள் வர வர வாழை இலையில மடிச்சிக் கொடுங்க, விடியக்காலையிலேயே மொத்தமா மடிச்சி அடுக்காதீங்க. மடிச்சது 2 மணி நேரம் தாண்டி மிஞ்சினா மனசு வலிச்சாலும் தூக்கிப் போட்டுடுங்க, ஸ்கூல் புள்ளைங்க வாங்கித் திங்கிற சாப்பாடு தம்பி.