கான்ஜிக்கு மேல் ஃபுரிகானா: அச்சமைப்புக் கேள்வி பதில்

கேள்வி: வேர்டில் ஃபுரிகானா போட்ட வரிகள் மட்டும் விலகிப் போகுது. பத்தியே மேடு பள்ளமா இருக்கு சார்.

பதில்: ஃபுரிகானா என்பது கான்ஜிக்கு (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து) மேல் சிறிய கனாவில் (ஜப்பானிய ஒலியெழுத்து) எழுதும் வாசிப்பு; அச்சில் அதை ரூபி என்பார்கள். வரி இடைவெளி "சிங்கிள்" என்று இருந்தால், வரியிலேயே உயரமானது எதுவோ அதற்கேற்ப வேர்ட் வரியை விரித்துவிடும். பத்தி அமைப்பில் "எக்ஸாக்ட்லி" என்று மாற்றுங்கள். 10.5 பாயின்ட் எழுத்துக்கு 20 பாயின்ட் கொடுத்தால் சரியாக வரும். ரூபி பாதி அளவு, அதாவது 5.25. இரண்டையும் கூட்டினாலே 15.75 ஆகிவிடுவதால் 16க்குக் கீழே இறங்காதீர்கள். ரூபியின் தலை வெட்டுப்படும்.

ஜப்பானிய அச்சு மரபில் ரூபிக்காக வரியை நகர்த்துவதில்லை. எல்லா வரிகளுக்கும் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பார்கள். பக்கத்தின் முதல் வரியில் வரும் ரூபி அச்சுப் பரப்பைத் தாண்டி மேலே நிற்கும். அது பிழையல்ல, கீழே இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஃபுரிகானா போடும் பொத்தானே வேர்டில் இல்லையே?

பதில்: ஆபீஸ் மொழி அமைப்பில் ஜப்பானிய மொழியைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள். "ஃபோனடிக் கைடு" ஹோம் பட்டையில் வந்துவிடும். அது தானாக நிரப்பும் வாசிப்பை அப்படியே நம்ப வேண்டாம். "ஒரு நாள்" என்ற அதே இரண்டு கான்ஜிகளை இச்சிநிச்சி என்றும் படிக்கலாம், மாதத்தின் முதல் தேதியானால் ட்சுஇதாச்சி என்றும் படிக்கலாம். இடம் பார்த்து நீங்கள்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: எந்த கனா எந்த கான்ஜிக்கு மேல் வர வேண்டும்? மொத்தமாகப் பரப்பிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ரூபியில் மூன்று வகை உண்டு. மோனோ ரூபியில் ஒவ்வொரு கான்ஜிக்கும் அதன் வாசிப்பு தனியாக நிற்கும். "இன்று" என்னும் கியோவு போன்ற சொற்களில் வாசிப்பை எழுத்துவாரியாகப் பிரிக்கவே முடியாது. அங்கே குரூப் ரூபிதான், இரண்டு கான்ஜிக்கும் பொதுவாகப் பரவி நிற்கும்.

மூன்றாவது ஜுகுகோ (கூட்டுச்சொல்) ரூபி. கியோட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் கான்ஜிக்கு மூன்று கனா, அடுத்ததற்கு ஒன்று. மோனோவில் வைத்தால் முதல் எழுத்தைச் சுற்றி வெற்றிடம் விழும். ஜுகுகோவில் மிஞ்சும் கனா பக்கத்து எழுத்தின்மேல் சாய்ந்துகொள்ளும். நான்கும் இரண்டு கான்ஜி அகலத்தில் கச்சிதமாக அடங்கும். வரி முடிவில் சொல் உடைந்தாலும் அவரவர் கனா அவரவரோடு போகும். குரூப் ரூபி உடையாது.

"தபேரு" மாதிரி வினைச்சொற்களில் கான்ஜிக்கு மேல் "த" மட்டும் போதும். வரியிலேயே ஹிராகனாவில் (கனாவின் ஒரு வகை) இருக்கும் "பேரு"வை மேலேயும் எழுதக் கூடாது.

கேள்வி: "கொகொரொசாஷி" ஒரே கான்ஜி, ஐந்து கனா. எங்கே வைப்பது?

பதில்: ஐந்து கனா என்றால் இரண்டரை எழுத்து அகலம். கான்ஜிக்கு ஒன்று போக, இரு பக்கமும் முக்கால் முக்கால் எழுத்து வெளியே நீளும். பக்கத்தில் ஹிராகனா இருந்தால் அதன்மேல் ஒரு ரூபி எழுத்து, அதாவது அரை எழுத்து அகலம், ஏறலாம்; மீதிக் காலுக்கு இடைவெளி விடுங்கள். பக்கத்தில் கான்ஜி இருந்தால் ஏறவே கூடாது, அதன் வாசிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

கேள்வி: லாடெக் அச்சமைப்பு மென்பொருளில்?

பதில்: பிஎக்ஸ்ரூப்ரிகா தொகுப்பு. ஜி, எம், ஜே என்ற தெரிவுகள் முறையே குரூப், மோனோ, ஜுகுகோ. கனாவை எழுத்துவாரியாகப் பிரிக்க நடுவில் செங்குத்துக் கோடு இடுங்கள்.

கேள்வி: இணையப் பக்கத்தில் நகலெடுத்தால் கனாவும் கலந்து வருது அண்ணா.

பதில்: ரூபியை அடைக்கும் ஆர்டி டேகுக்கு சிஎஸ்எஸ்ஸில் யூசர்-செலக்ட் பண்பை "நன்" என்று வையுங்கள். குரூப் ரூபி தவிர மற்றவற்றில் ஒவ்வொரு கான்ஜிக்கும் தனி ஆர்டி, வரி உயரம் 1.8 முதல் 2 வரை.

கேள்வி: செங்குத்து எழுத்தில்?

பதில்: வரியின் வலப்பக்கம்.

கேள்வி: மாணவர்களுக்காகக் கனாவுக்குப் பதில் தமிழ் எழுத்தையே மேலே போடலாமா?

பதில்: தொடக்கப் பாடங்களுக்குப் போடலாம். குறில் நெடில் தமிழில் தெளிவாகவே வரும். ஆனால் "க" என்று எழுதினால் அது ஜப்பானிய ka-வா, ga-வா என்று தெரியாது, சிக்கல் அங்கேதான். அகலமும் கூடும், பாதி அளவில் கொம்பும் புள்ளியும் மங்கிப்போகும். 60 விழுக்காடு அளவில் குரூப் ரூபியாக வைத்து, வரி இடைவெளியை இன்னும் 3 பாயின்ட் கூட்டுங்கள். ஹிராகனா கற்ற பிறகு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் கனாவுக்குப் பழகாது.