ஃப்ரிஞ்ச் கேள்வி பதில்: எந்த வால்டர், எந்த நிமிடம்?

2008 முதல் 2013 வரை ஐந்து சீசன், சரியாக 100 எபிசோடு ஓடிய அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடர் ‘ஃப்ரிஞ்ச்’சின் பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கான கேள்வி பதில் இது. கதை முழுக்க வெளிப்படும். பார்த்து முடிக்காதவர்கள் இப்போதே விலகிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள்: விஞ்ஞானி வால்டரைப் பற்றிக் கேட்டால் எந்த வால்டர், எந்த ஆண்டு என்று சேர்த்துக் கேளுங்கள். 1985இன் வால்டர், மூளையில் ஒரு பகுதியை இழந்து 17 ஆண்டு மனநலக் காப்பகத்தில் இருந்துவிட்டு வந்த வால்டர், மறுபக்கத்து, அதாவது இணை உலகத்து, வால்டரான வால்டர்நேட், மகன் பீட்டரே வளராத 4வது சீசன் வால்டர். இந்த நால்வரையும் ஒரே ஆளாக நினைத்துக் கேட்டால் எந்தப் பதிலும் நிற்காது.

கேள்வி 1: 1985இல் வால்டர் மறுபக்கம் போனதே பையனைத் தூக்கி வரத்தானே?

இல்லை. மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் போனார். 2வது சீசனின் 16வது எபிசோடான ‘பீட்டர்’ இதை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது. வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

இந்தப் பக்கத்துப் பீட்டர் நோயில் இறந்துவிட்டான். வால்டரிடம் மறுபக்கத்தைக் காட்டும் ஜன்னல் போன்ற கருவி இருக்கிறது. அதில் மறுபக்கத்துத் தந்தை தன் மகனுக்காக மருந்து தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருந்து சரியாகச் சேர்ந்து நிறம் மாறும் அந்த நொடியில், ஆய்வகத்துக்குள் வந்து நின்ற செப்டம்பரை (காலம் கடந்து வந்து கவனிக்கும் ‘பார்வையாளர்’களில் ஒருவன்) பார்த்து வால்டர்நேட் திரும்பிவிடுகிறார். அவர் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த வால்டர் பார்த்துவிட்டார். மருந்து கிடைத்தது தனக்கு மட்டுமே தெரியும், பையனின் அப்பாவுக்குத் தெரியாது. அவரைக் கிளம்ப வைத்தது இந்தத் தகவல்.

மருந்தைத் தானே தயாரித்துக்கொண்டு, மறுபக்கம் கடக்க ரைடன் ஏரிக்குப் போகிறார். தடுக்க வந்த நீனா ஷார்ப்புடன் (வால்டரின் கூட்டாளி வில்லியம் பெல்லோடு வேலை செய்பவர்) தள்ளுமுள்ளு. அதில் மருந்துக் குப்பி உடைகிறது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து கோட்டுக்குள் கைவிட்ட பிறகுதான் அவருக்கே தெரிகிறது. பையனை இங்கே கொண்டு வந்து குணமாக்கித் திருப்பி அனுப்புவது என்ற முடிவு உடைந்த குப்பியைப் பார்த்தபோது பிறந்தது. திருட வந்தவன் கையில் மருந்துக் குப்பி எதற்கு?

ஆனால் அந்த முடிவை நிறைவேற்றிய விதம் சுத்தமானதல்ல. அந்த வீட்டுத் தாயிடம் தன்னை அவள் கணவனாகவே காட்டிக்கொண்டு பையனை வாங்கினார். போன நோக்கம் வேறு, நடந்துகொண்ட முறை வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி 2: அப்படியானால் குணமானதும் ஏன் திருப்பி விடவில்லை?

வால்டரின் மனைவி எலிசபெத் ஆய்வகத்துக்குள் வந்து பையனைப் பார்த்துவிட்டார். இறந்த மகனின் முகம் உயிரோடு எதிரே நிற்கிறது. அவரிடமிருந்து அவனை இரண்டாம் முறை பிரிக்க வால்டரால் முடியவில்லை. கதவை மறுபடி திறந்தால் சேதம் இன்னும் பெருகும் என்ற பயமும் உண்டு.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த படி. ‘சப்ஜெக்ட் 13’ (3வது சீசன், 15வது எபிசோடு) ஆறு மாதம் கழித்து நடக்கிறது. அதில் வால்டர் பீட்டரைத் திருப்பி அனுப்ப உண்மையாகவே முயல்கிறார். அதற்கு அவர் பிடித்த வழி, கார்டெக்ஸிஃபான் என்ற, மூளைத் திறனைத் தூண்டும் சோதனை மருந்து கொடுத்த குழந்தைகள். இரண்டு பக்கத்துக்கும் இடையே சேதமில்லாமல் கடக்கும் திறன் அவர்களிடம் வெளிப்பட்டால் அதே வழியில் பீட்டரை அனுப்பலாம் என்பது கணக்கு. சோதனை அதற்கு முன்பே தொடங்கியதுதான். அந்த ஆறு மாதத்தில் அது கடுமையானதற்குக் காரணம் இந்த அவசரம். அதாவது ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க இன்னொருவர் பெற்ற பிள்ளை ஒலிவியாவை (வளர்ந்து தொடரின் நாயகியாகும் அதே ஒலிவியா) பயமுறுத்துகிறார். பயமும் பாசமும் சேர்ந்தால்தான் அவளால் கடக்க முடிகிறது என்று கண்டுபிடித்த இடத்தில் அவர் முகத்தைப் பாருங்கள். முதலில் தெரிவது விஞ்ஞானியின் மகிழ்ச்சி. 1985இன் வால்டரை எனக்கு அந்த முகம்தான் விளக்குகிறது.

கேள்வி 3: என்னைப் பொறுத்தவரை வால்டர்நேட் வில்லனே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா, தன் உலகம் சிதைவதைப் பார்க்கும் பாதுகாப்பு அமைச்சர். ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். ‘இம்மார்ட்டாலிட்டி’யில் கார்டெக்ஸிஃபான் செலுத்திய பெரியவர்கள் சாகிறார்கள், குழந்தைகளிடம் சோதித்தால் பலிக்கும் என்று அவருடைய விஞ்ஞானி பிராண்டன் சொல்கிறான். வால்டர்நேட் மறுக்கிறார். உலகமே போனாலும் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்று நிற்கிறார். நம் அன்புக்குரிய வால்டர் கூசாமல் தாண்டிய கோடு அது. ஒருவர் பிள்ளையை இழந்து இன்னொருவரின் பிள்ளைகளைத் தொட்டார். மற்றவர் பிள்ளையை இழந்ததாலேயே தொட மறுத்தார்.

கேள்வி 4: அண்ணா, 2வது சீசன் தொடக்கத்திலேயே செத்துப்போன ஒலிவியாவின் சக அதிகாரி சார்லி, அதே சீசன் நடுவில் உயிரோடு வருகிறாரே? மறுபக்கத்துச் சார்லியா? ஏதாவது உள்நோக்கம் இருக்கிறதா?

இல்லை தம்பி. அது ‘அனர்த்ட்’. 1வது சீசனுக்காக எடுத்து அப்போது ஒளிபரப்பாமல் விட்டதை 2010 ஜனவரி 11 அன்று காட்டினார்கள். 1வது சீசனோடு சேர்த்துப் பாருங்கள், குழப்பம் போய்விடும். எபிசோடு எண்ணிலும் எச்சரிக்கை: சில பட்டியல்கள் இதைச் சேர்க்காததால் ‘பீட்டர்’ 15 என்றும் வரும், 16 என்றும் வரும். நான் சேர்த்தே எண்ணுகிறேன்.

கேள்வி 5: கேள்வி 3க்கு நீங்கள் சொன்னது பாதி உண்மைதான். ‘பிளட்லைன்’ எபிசோடை மறந்துவிட்டீர்களா? தன் பேரனையே என்ன செய்தார் அவர்?

மறக்கவில்லை, யாராவது கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். போலி ஒலிவியா, அதாவது ஒலிவியாவின் இடத்தில் இந்தப் பக்கம் வந்து பீட்டரோடு பழகிய மறுபக்கத்து ஒலிவியா, கர்ப்பமாக இருக்கிறாள். பிரசவத்தில் தாயைக் கொல்லக்கூடிய வைரஸ் நோய் அவளுக்கு இருப்பது தெரிகிறது. அவளைக் கடத்தி, மருந்து செலுத்தி, மாதக்கணக்கில் வளர வேண்டிய கருவைச் சில மணி நேரத்தில் வளர வைக்கிறார்கள். கடத்த வைத்தது வால்டர்நேட் என்று கடைசியில் தெரிகிறது. அவர் பக்கத்து நியாயம் இது: வைரஸை முந்திக்கொண்டு கரு வளர்ந்துவிட்டால் பிள்ளை பிழைக்கும். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது பீட்டரின் ரத்தம் ஓடும் பிள்ளை, இரண்டு உலகங்களின் தலைவிதியையும் தீர்மானிக்கும், பீட்டருக்கு மட்டுமே இயங்கும் அந்த இயந்திரத்துக்காக. தாய் பிழைப்பாளா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்.

கேள்வி 3 கேட்டவர் மீண்டும்: தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் அல்லவா? கோடு தாண்டவில்லையே?

பிழைத்தது நமக்குத் தெரியும். உத்தரவு கொடுத்த நிமிடத்தில் அவருக்குத் தெரியாது. நோக்கத்தை அளக்கும்போது முடிவைத் தராசில் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை மட்டும் வையுங்கள். 1985இன் வால்டருக்கு ஒரு நீதி, வால்டர்நேட்டுக்கு ஒரு நீதி இருக்க முடியாது. வால்டரும் பையன் பிழைத்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம்தானே?

கேள்வி 5 கேட்டவர் மீண்டும்: அப்படிக் கேளுங்கள்! ஆம்பர் விஷயமும் இருக்கிறது.

இருக்கிறது, அதுதான் வலுவான சாட்சி. உலகத்தில் கிழிசல் விழும் இடங்களை ஆம்பரால் உறைய வைத்து மூடுகிறார்கள். உள்ளே மாட்டியவர்கள் இறந்ததாக அறிவிக்கிறார்கள். ‘ஆம்பர் 31422’இல் அவர்கள் சாகவில்லை, உறைந்திருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. வால்டர்நேட்டுக்கு அது தெரியும். சொன்னால் ஒவ்வொரு குடும்பமும் சுத்தியலோடு ஆம்பரை உடைக்க வரும், கிழிசல் மறுபடி திறக்கும். ஆகவே மறைக்கிறார்.

இதை நான் கொடூரம் என்று எழுதமாட்டேன். அந்தப் பதவியில் யார் இருந்தாலும் மறைத்திருக்கக்கூடும். ஆனால் தன் பிள்ளை எங்கே என்று தெரியாமல் தவித்த ஒரு தகப்பன், எத்தனையோ தகப்பன்களை அதே இருட்டில் வைக்கிறார். அவருக்காவது ஒரு குழந்தை வந்து உண்மை சொன்னது. ‘சப்ஜெக்ட் 13’இல் ஒலிவியா தன்னை அறியாமல் மறுபக்கம் கடந்து, வால்டர் என்று நினைத்துப் படம் வரைந்த நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். மகன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குப் புரிவது அந்த நோட்டால்தான். ஆம்பர் குடும்பங்களுக்கு அப்படி ஒரு நோட்டு கிடைக்கவில்லை. வில்லன் என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் இருவரிடமும் விடுகிறேன். நோக்கம் நியாயமானது, விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள். இரண்டு வால்டர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி 6: வால்டர் நல்லவரா கெட்டவரா?

எந்த வால்டர்? கேள்வி 1, 2 பாருங்கள்.

கேள்வி 7: வால்டரின் மூளையை வெட்டியது அவர் கூட்டாளி வில்லியம் பெல்லின் சதிதானே?

‘கிரே மேட்டர்ஸ்’ வரை அப்படித்தான் தோன்றும். 2வது சீசன் இறுதியில் பெல் சொல்வதைக் கேளுங்கள்: வால்டரே கேட்டுக்கொண்டார், தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்று பயந்து. 5வது சீசனில் அந்தப் பகுதிகள் திரும்பி வந்த பிறகு பழைய ஆளாகிவிடுவோமோ என்று அவர் நடுங்குவதும் இதனால்தான். ஆகவே இது சதியல்ல, தன்னைத் தானே கட்டிப்போட்டது.

கேள்வி 8: ஆய்வக உதவியாளர் ஆஸ்ட்ரிட்டின் பெயரை வால்டர் வேண்டுமென்றே மாற்றிக் கூப்பிடுகிறாரா?

சேதமான நினைவு. அலட்சியம் இல்லை.

கேள்வி 9: ஒலிவியாவின் இடத்தில் போலி ஒலிவியா வந்தது, கூடவே இருந்த பீட்டருக்கு எப்படித் தெரியாமல் போகும்? நம்பும்படி இல்லையே.

மாற்றங்களை அவன் பார்த்தான். சீக்கிரம் சிரிக்கிறாள், இலகுவாக இருக்கிறாள். நாம் சேர்ந்ததால் வந்த மகிழ்ச்சி என்று தானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். ஏமாறியது அவன் கண் அல்ல, ஆசை. சந்தேகம் வந்தவுடன் ‘என்ட்ராடா’வில் கிரேக்க வாக்கியம் ஒன்றைச் சொல்லி அவளைச் சோதித்தும் விடுகிறான்.

ஆனால் ‘மாரியனெட்’டை ஒலிவியாவின் பக்கமிருந்து பாருங்கள். திரும்பி வந்தவள் அலமாரித் துணியையெல்லாம் அள்ளித் துவைக்கும் இயந்திரத்தில் திணிக்கிறாள். எல்லாம் அவளுடைய துணிதான், ஆனால் எல்லாவற்றையும் இன்னொருத்தி உடுத்திவிட்டாள். துணியைத் துவைக்கலாம், பீட்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதை எப்படித் துவைப்பது? அவள் கோபம் துரோகத்தைப் பற்றியதல்ல.

கேள்வி 10: விளம்பர இடைவேளையில் வரும் ஆப்பிள், தவளை படங்களுக்கு அர்த்தம் என்ன?

ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்து. சேர்த்தால் அந்த எபிசோடுக்கு ஒரு சொல். அதற்கு மேல் இந்த அமர்வில் வேண்டாம்.

கேள்வி 11: பீட்டரைத் தூக்கி வரத்தான் வால்டர் போனார் என்று நினைக்கிறேன், சரியா?

கேள்வி 1. இன்றைக்கு இதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி 12: ‘ஒயிட் டூலிப்’பில் கடவுள் மன்னித்துவிட்டார் என்று அடையாளம் கிடைத்த பிறகுதானே பீட்டரிடம் உண்மையைச் சொல்லும் துணிவு வந்தது?

வரவில்லை. கவனித்துப் பாருங்கள், அவர் சொல்லவே இல்லை.

காலத்தில் பின்னால் தாவும் பெக் என்ற விஞ்ஞானியிடம் வால்டர் மனம் திறக்கிறார். பீட்டரை எடுத்துவந்த பிறகு நடந்ததெல்லாம் தண்டனை என்றும், மன்னிப்பின் அடையாளமாக ஒரு வெள்ளை டூலிப் கேட்டிருப்பதாகவும், அந்தப் பருவத்தில் அது பூக்காது என்றும் சொல்கிறார். பெக் தாவிவிடுகிறான். அந்த நாளே அழிந்து மறுபடி தொடங்குகிறது. இந்தப் புதிய நாளில் வால்டர் பெக்கைச் சந்திக்கவே இல்லை. பீட்டருக்கு எழுதிய கடிதத்தை நெருப்பில் போட்டுவிடுகிறார். பெக் முன்கூட்டியே ஏற்பாடு செய்த உறை வந்து சேர்கிறது. உள்ளே ஒரு டூலிப் படம்.

அனுப்பியது யார் என்று அவருக்குத் தெரியாது. கேட்டது கடவுளிடம், வந்துவிட்டது. ஆனால் கடிதம் ஏற்கெனவே சாம்பல். அடுத்த எபிசோடில் பாலத்தின் மேல், தன் பக்கத்தில் நின்ற காவலர் சாக, தான் மட்டும் பிழைத்ததை வைத்துப் பீட்டர் தானாகவே கண்டுபிடிக்கிறான். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி வால்டரிடம் அதைச் சொல்வதும் அவன்தான்.