யுபிஇ2சி மரபணுவுக்கு செல் பிரிவில் என்ன வேலை?

"யுபிகுவிட்டின் என்பது அழிக்க வேண்டிய புரதத்தில் ஒட்டும் அடையாளச் சீட்டு. அதற்கும் செல் இரண்டாவதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. சில புரதங்களை உரிய நேரத்தில் அழித்தால்தான் செல் பிரிவு அடுத்த கட்டத்துக்கே நகரும்.

யுபிஇ2சி தரும் நொதி சின்னது, 179 அமினோ அமிலங்கள்தான். யுபிகுவிட்டினை வாங்கித் தன் 114ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஏபிசி என்ற பெரிய புரதக் கூட்டமைப்பு இலக்கைப் பிடித்துக் கொடுக்க, அதன்மேல் ஏற்றிவிடும். (பெருங்குடல் புற்றுநோயில் பேசப்படும் ஏபிசி மரபணு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) யுபிஇ2எஸ் என்ற இன்னொரு நொதி அதன்மேல் மேலும் யுபிகுவிட்டின்களைக் கோத்துச் சங்கிலியாக நீட்டும். சங்கிலி ஏறிய புரதத்தைப் புரோட்டியசோம் என்ற செல்லின் புரத அழிப்பு இயந்திரம் நறுக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். நகலெடுத்த குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியையும் கொஹீசின் வளையங்கள் கட்டி வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டும் கத்தரி செப்பரேஸ். அதன் வாயைச் செக்யூரின் என்ற புரதம் அடைத்திருக்கிறது. கடைசி குரோமோசோமும் அவற்றை இழுக்கும் இழைகளோடு சரியாக இணைந்த பிறகே, மேலே சொன்ன சங்கிலி ஏறிச் செக்யூரின் அழிக்கப்படும். உடனே செப்பரேஸ் விடுபட்டு வளையங்களை அறுக்க, ஜோடிகள் இரு பக்கமும் விலகுகின்றன. கூடவே, செல்லைப் பிரிவு நிலையில் வைத்திருக்கும் சைக்ளின் பி என்ற புரதமும் இதே வழியில் அழிவதால் பிரிவு நிறைவடைகிறது.

யுபிஇ2சி நொதியின் அந்த 114ஆம் இடத்துச் சிஸ்டீனைச் செரின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றி, அந்த நொதியைச் செல்லுக்குள் புகுத்தினால், பிரிவு நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. சரி, இந்த நொதியின் அளவு மிகுந்தால்? அதுவும் ஆபத்துதான்: இது மிகுதியாக உண்டாகும்படி மாற்றிய எலிகளில் குரோமோசோம்கள் தப்பாகப் பங்கிடப்பட்டன, கட்டிகளும் வந்தன. மனிதர்களின் பல புற்றுநோய்களிலும் இந்த மரபணு அளவுக்கு மீறி இயங்குகிறது.