வறுத்து வைத்த பயறு

கேள்வி: ஆவடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் வேலை செய்யும் இடத்தில் ஜூலையிலிருந்து ஓவர்டைம் இல்லை. போனஸும் பாதிதான் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலுள்ள அத்தை (மாமியார்) வீட்டுக்குப் போய், நாத்தனாரின் மூன்று பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் துணி எடுத்து, 35,000 ரூபாய் வரை செலவு செய்வோம். இந்த முறை கையில் 12,000 மட்டுமே இருக்கிறது. என் சங்கிலியை ஒன்றரை வட்டிக்கு வைத்து 40,000 வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கு மனமில்லை. 9, 6 வயதில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, இங்கேயே சிக்கனமாகக் கொண்டாடலாமா என்று யோசிக்கிறேன். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து வைத்துவிட்டதாக அத்தை போனில் சொன்னார்கள். எங்கள் நிலைமை அவர்களுக்குத் தெரியாது. குறைந்த செலவில் கொண்டாட வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, வண்ணக் காகிதத்தில் ஸ்டார் ஒட்டுவதையும் வீட்டிலேயே கேக் செய்வதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. அத்தை பயறு வறுத்து வைத்துவிட்டார்கள்.

முந்திரிக்கொத்து ஒற்றை ஆள் செய்யும் பலகாரம் அல்ல என்பது அந்த ஊர் மருமகளான உங்களுக்குத் தெரியும். பாசிப்பயறை வறுத்துத் திரிப்பது வரை ஒருவர் செய்துவிடலாம். ஆனால் பாகை ஊற்றிக் கிளறிய மாவை, ஆறி இறுகுவதற்குள், கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி முடிக்க வேண்டும். ஒருவர் உருட்ட, ஒருவர் மாவில் முக்கியெடுக்க, ஒருவர் எண்ணெய்ச் சட்டி அருகில் நிற்க வேண்டும். வயதான ஒரு தாய் தன்னால் முடிந்த பங்கை முடித்துவிட்டு, மீதியைச் செய்ய உங்கள் கைகளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். நீங்களோ அவரிடம் சொல்வதற்குப் பொய் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பொய்யைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓடியாடி விளையாடும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? பேரப்பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று கேட்ட பாட்டி வீட்டில் இருப்பாரா? கிடைத்த வண்டியில் ஏறி ஆவடிக்கு வந்து நிற்பார். வர முடியாவிட்டால் காலையும் மாலையும் போனில் அழைத்துப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்பார். அப்போது 9 வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? பாட்டியிடம் பொய் சொல்லும்படி பிள்ளையைப் பழக்கும் பண்டிகை ஒரு ரூபாய் செலவில் முடிந்தாலும் அதைச் சிக்கனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கணவர் சொல்லும் வழியும் இதே தவற்றின் மறுபக்கம்தான். ஒன்றரை வட்டிக்கு 40,000 ரூபாய் என்றால் மாதம் 600, ஆண்டுக்கு 7,200 ரூபாய் வட்டியாகவே போகும். ஓவர்டைம் இல்லாத சம்பளத்தில் அதை எங்கிருந்து கட்டுவார்? அடுத்த டிசம்பரில் சங்கிலியும் கழுத்தில் இருக்காது, கையில் 12,000 ரூபாயும் இருக்காது. நகையைக் கொடுக்க மனமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதில் பிழையே இல்லை. அதில் உறுதியாக நில்லுங்கள். ஆனால் அவர் கடன் வாங்கி மறைக்கப் பார்ப்பதும் நீங்கள் பொய் சொல்லி மறைக்கப் பார்ப்பதும் ஒன்றைத்தான்: வருமானம் குறைந்துவிட்டது என்பதை. அதைப் பெற்ற தாயிடமே மறைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் கொண்டாடப் போவது யாருடைய பிறப்பை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குழந்தையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன மரியாளும் யோசேப்பும் செலுத்தவிருந்த பலி ஒரு ஜோடு காட்டுப்புறா, அல்லது இரண்டு புறாக்குஞ்சுகள் என்று லூக்கா 2:24 சொல்கிறது. லேவியராகமம் 12:8ஐ எடுத்துப் படியுங்கள். ஆட்டுக்குட்டி கொண்டுவரச் சக்தி இல்லாதவர்களுக்கென்று விதிக்கப்பட்ட காணிக்கை அது. அவர்கள் கடன் வாங்கி ஆட்டுக்குட்டியோடு போகவில்லை. இல்லையே என்று வெட்கப்பட்டு, ஆலயத்துக்குப் போகாமலும் இருந்துவிடவில்லை.

ஆகவே ஊருக்குப் போங்கள். அதற்கு முன் அத்தையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். மருமகள் வாயிலிருந்து வந்தால், மகன் வருவதை அவள்தான் தடுக்கிறாள் என்று ஊர் பேசும். மகன் சொன்னால் தாய்க்கு அது தன் பிள்ளையின் கஷ்டம். "அம்மா, இந்த வருஷம் கையில் காசு இல்லை, ஆனால் வருகிறோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். தங்கையிடமும் அவரே பேசட்டும். ஒரு வருடம் மாமா துணி எடுத்துத் தராததால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வந்துவிடாது.

இந்த நேரத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைப்பது கடினம். தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் போகும் அந்த்யோதயா ரயிலில் எல்லாப் பெட்டிகளுமே முன்பதிவில்லாதவை. அதில் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து நாசரேத்துக்குப் போய்விடலாம். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அரை டிக்கெட் போதும். கூட்டம் இருக்கும், உடம்பு அலுக்கும். ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளுங்கள். துணி பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் மட்டும் போதும். அத்தைக்கு நல்ல நூல் சேலையாக ஒன்று எடுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் எடுங்கள். நீங்கள் இருவரும் சென்ற ஆண்டுத் துணியைத் துவைத்துத் தேய்த்து உடுத்திக்கொண்டு விடியற்கால ஆராதனைக்குப் போகலாம். கேரல் பாட வருபவர்களுக்கும் ஆலயக் காணிக்கைக்கும் ஒரு சிறு தொகையை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதில் கைவைக்காதீர்கள்.

25ஆம் தேதி காலையில் போய் இறங்குவதும் சரியல்ல. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் புறப்பட்டுவிடுங்கள். பயறு வறுத்து நாளாகிவிட்டது. வெல்லமும் எண்ணெயும் இன்னும் வாங்கியிருக்காவிட்டால் வாங்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அவை உங்கள் 12,000 ரூபாயிலிருந்து போகட்டும்.