மருத்துவமனைகளைப் பெருக்கினால் சுகாதார அமைப்பு மக்களை மையப்படுத்தியதாகிவிடுமா?

ஆகாது. கட்டடங்களும் கருவிகளும் தேவைதான். ஆனால் நோயை மட்டும் பார்க்காமல், நோயாளியின் குடும்பத்தையும் வருமானத்தையும் கணக்கில் கொண்டு, தடுப்பு முதல் மறுவாழ்வு வரை தொடர்ச்சியான கவனிப்பை வீட்டுக்கு அருகிலேயே தருவதுதான் இந்தக் கருத்தின் சாரம். 1978-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய பன்னாட்டு மாநாட்டில் வெளியான அல்மா-அட்டா பிரகடனம், ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை வலியுறுத்தியதோடு, அதைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்றது. இந்த இரண்டாவது பகுதியைத்தான் பல அரசுகள் வசதியாக மறந்துவிட்டன என்பது என் கணிப்பு.

தாய்லாந்து இதில் வேறுபடுகிறது. 2002-இல் அனைவருக்குமான மருத்துவக் காப்புறுதியை நடைமுறைப்படுத்திய அந்நாடு, 2007-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் வழியே, பொதுமக்களும் வல்லுநர்களும் அரசு அதிகாரிகளும் ஒரே அவையில் அமர்ந்து கொள்கைகளை விவாதிக்கும் தேசிய சுகாதாரப் பேரவையை அமைத்தது. அதன் தீர்மானங்கள் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அது உண்மையான குறைதான்.