பழைய எம்.ஜி.பி. காரின் சேசிஸ் தகட்டைப் பட்டறை மாற்றலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். என்னுடைய 1966-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டரை (திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) மறுசீரமைப்புக்காக ஒரு பட்டறையில் விட்டிருக்கிறேன். அடிப்பகுதி முழுவதும் துருப்பிடித்துவிட்டதால் புதிய பாடி ஷெல் (காரின் உலோக உடற்கூடு) பொருத்துகிறார்கள். காரின் அடையாளமான சேசிஸ் எண் தகடு அரித்துப்போயிருக்கிறது, அதே எண்ணை அடித்துப் புதுத் தகடு போட்டுவிடலாம் என்கிறார் பட்டறை உரிமையாளர். ஷெல்லுக்கான பாடி எண் தகட்டைக் காணவில்லையாம். பழைய ஷெல்லையும் பழைய தகட்டையும் சேர்த்து ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம். 'கழற்றிய பாகங்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த விற்பனையை நிறுத்துங்கள். பழைய ஷெல்லும் கழற்றிய ஒவ்வொரு தகடும் உங்கள் சொத்து, உங்கள் எழுத்துபூர்வ சம்மதமின்றி எதுவும் பட்டறையை விட்டு வெளியேறக் கூடாது என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது.

இதில் நான் இவ்வளவு அவசரப்படக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் ஜி.எச்.என்.3 என்று தொடங்கும் எண்ணைத் தாங்கி நிற்பது பானட்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறு தகடுதான். அதுவும் பழைய ஷெல்லும் ஒரே கைக்குப் போனால், உங்கள் எண்ணிலேயே இன்னொரு கார் உருவாகிவிடலாம். பிறகு எது உண்மையான கார் என்று போலீசார் கேட்கும்போது, தகட்டைக் கைவிட்ட நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிய இடத்தில் நிற்பீர்கள். ஒரு காரின் எண்ணை இன்னொன்றில் பொருத்தி விற்பது 2006-ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் கீழ் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய ஷெல்லைக் கழிக்கத்தான் வேண்டுமென்றால், எல்லாத் தகடுகளையும் கழற்றிக்கொண்ட பிறகு உடைசலாக மட்டுமே கொடுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, புதுத் தகடு. 1986-ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளில் வாகன அடையாள எண் பற்றி வரும் கட்டாயம் 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வாகனங்களுக்கே பொருந்தும். உங்கள் கார் அதற்கு முந்தையது. ஒரு காரின் சொந்த எண்ணையே அடித்து மறுபதிப்புத் தகடு செய்வது மட்டுமே குற்றமாகிவிடாது. சிக்கல் விற்கும் நாளில் வரும். 'அசல் தகடுகளுடன்' என்று நீங்கள் விளம்பரம் செய்து, வாங்கியவர் பிறகு மறுபதிப்பைக் கண்டுபிடித்தால், 1979-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் 1967-ஆம் ஆண்டுத் தவறான தகவல் சட்டமும் அவருக்குத் துணை நிற்கும். தெரிந்தே சொன்னீர்கள் என்றால் அது மீண்டும் மோசடிச் சட்டம்தான்.

ஆகவே என் கருத்து உறுதியானது: எண் படிக்க முடிகிற வரை அசல் தகட்டையே மீண்டும் பொருத்துங்கள். அரிப்பும் கீறலும் அதற்கு மதிப்புக் குறைவு அல்ல, அது அதே தகடு என்பதற்குச் சான்று. மங்கிய எழுத்தின் மேல் யாரும் மறுபடி எண் அடிக்க விடாதீர்கள், மெருகேற்றவும் விடாதீர்கள். தேய்த்து எடுத்த உலோகம் திரும்பி வராது. ஷெல்லை மணல் வீச்சுக்கோ ரசாயனத் தொட்டிக்கோ அனுப்பும் முன் எல்லாத் தகடுகளும் கழற்றப்பட வேண்டும். அலுமினியத் தகடு காஸ்டிக் சோடாவில் கரைந்தே போகும். இருந்த இடத்திலேயே, துளைகள் தெரியும்படி படம் எடுத்த பிறகு கழற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் பிளாக்கில் 18ஜி.பி. என்று தொடங்கும் எண் தகட்டுக்கும் இதே கவனம் தேவை. எஞ்சினைச் சுத்தம் செய்யும்போது அதைத் தொலைத்துவிடுவது மிக எளிது.

'ஷெல்லே மாறிய பிறகு இது அதே காரா?' என்ற கவலை உங்களுக்கு இருக்கும். 1929, 1930 லே மான்ஸ் பந்தயங்களை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 'ஓல்ட் நம்பர் ஒன்', இதே கேள்வியோடு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அசல் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன, இது அந்தக் கார் அல்ல என்றார் வாங்கியவர். 1990-இல் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறினாலும் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதே அதன் சாரம். உங்களுக்கும் அந்தத் தொடர்ச்சிதான் பலம். புதிய ஷெல்லின் ரசீது, ஒவ்வொரு கட்டத்தின் தேதியிட்ட படங்கள், அசல் தகடு ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி. ஷெல்களைத் தயாரித்து வருவதால், ஷெல் மாற்றுவது வழக்கத்தில் இல்லாத ஒன்றும் அல்ல.

தோற்றமும் லாக்புக் (பதிவுச் சான்று) விவரங்களும் மாறாத மறுசீரமைப்பை டி.வி.எல்.ஏ. என்ற வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று 2025 ஆகஸ்ட் 26 முதல் விதி தளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஷெல் முழுவதும் மாறுவதைச் சாதாரணப் பழுதுபார்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், விவரம் எழுதி அவர்களிடமே பதில் வாங்குங்கள். எஞ்சினோ நிறமோ மாறினால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

காணாமல் போன பாடி எண் தகட்டுக்கு வருவோம். உங்கள் பொருளைப் பொறுப்பில் ஏற்றவர், கவனக்குறைவால் அதைத் தொலைத்தால் 1977-ஆம் ஆண்டு உடைமைத் தலையீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம். பில்லில் அச்சிட்ட அந்த வரி உங்களைத் தடுக்காது. நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யும் கடமையிலிருந்து எந்தப் பட்டறையும் அச்சடித்து விலகிக்கொள்ள முடியாது. தேடித் தர 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் எழுதுங்கள். கிடைக்காவிட்டால், தகடு இல்லாததால் காரின் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்று பழைய கார் மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு வழக்குப் பிரிவிலேயே நடக்கும்.

இதற்கிடையே கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு விண்ணப்பித்து ஹெரிடேஜ் சான்றிதழ் பெறுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள சேசிஸ், எஞ்சின், பாடி எண்கள் அதில் வரும். தொலைந்த தகட்டில் என்ன எண் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கடினம். அந்த எண்ணில் மறுபதிப்புத் தகடு வைத்தால், அது மறுபதிப்பு என்று காரின் கோப்பில் எழுதி வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பட்டறைக்குக் கூலி பாக்கி இருந்தால், அதற்காகக் காரைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டு, தகட்டுப் பிரச்சினையைத் தனியாக நடத்துங்கள்.