காட்டு ஜின்செங்: கழுத்தை எண்ணாமல் கை வைக்காதீர்கள்

செப்டம்பர் நெருங்கினால் போதும், அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கம் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து ஜின்செங் என்ற மருந்து வேர்ச்செடி பற்றிய கேள்விகள் வந்து குவியும். காட்டு வேரைத் தோண்டச் சட்டம் அனுமதிக்கும் பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் கீரை இல்லை. வேரை எடுத்தால் செடியின் கதை முடிந்தது. அதனால் என் பதில்கள் கொஞ்சம் செடியின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஆஷ்வில் அருகே மலைப்பாதையில் நடந்தபோது ஐந்து இலை விரித்த செடியை வழியெங்கும் பார்த்தேன். எல்லாம் ஜின்செங்கா சார்?

வழியெங்கும் பார்த்தீர்கள் என்றால் அநேகமாக அது வர்ஜீனியா கிரீப்பர். ஐந்து இலை என்ற ஒரே அடையாளத்தை நம்பிப் போகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது அந்தக் கொடிதான். அதன் தண்டு கட்டையாக இருக்கும், தரையில் படரும், மரத்தில் ஏறும்.

ஜின்செங் அப்படி இல்லை. தரையிலிருந்து ஒற்றை மெல்லிய தண்டு நேராக எழும்பும். அதன் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து இலைக்காம்புகள் சுற்றிலும் பிரியும். இந்தக் காம்பு ஒவ்வொன்றையும் மலைக்காரர்கள் ‘பிராங்’ என்பார்கள். ஒவ்வொரு பிராங்கிலும் வழக்கமாக ஐந்து சிற்றிலைகள். அடியில் உள்ள இரண்டு சின்னவை, மற்ற மூன்று பெரியவை. இந்த அளவு வித்தியாசத்தைக் கவனியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிராங்குகளின் நடுவிலிருந்து ஒரு பூந்தண்டு கிளம்பும். கோடையில் பச்சைக் காய், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செக்கச் செவேலென்று பழம். இலையுதிர் காலத்தில் இலை முழுவதும் தெளிந்த மஞ்சளாகும். பழகிய கண் அந்த மஞ்சளைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடும்.

ஏமாற்றும் செடிகள் இன்னும் உண்டு. காட்டுச் சர்சபரில்லாவில் இலைக்காம்பு மூன்றாகப் பிரியும், பூந்தண்டு தரையிலிருந்து தனியாக வரும், பழம் கருநீலம். பக்கை மரத்தின் இளங்கன்றும் ஐந்து இலையோடு நிற்கும், ஆனால் தண்டு கட்டை. சிவப்புப் பழத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வடக்கு மாநிலங்களில் சிவப்புப் பழம் தாங்கும் பேன்பெரி நச்சுச் செடி. ‘ஜாக் இன் த பல்பிட்’ என்ற செடியும் ஜின்செங் வளரும் அதே இடத்தில் சிவப்புப் பழக் கொத்தோடு நிற்கும். அது நம் சேம்பு, கருணையின் குடும்பம். பச்சையாகக் கடித்தால் நாக்கும் தொண்டையும் காறி எரியும்.

எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும்? பொழுதுபோக்காகப் பார்க்கத்தான், தோண்ட இல்லை. (நாக்ஸ்வில்)

பார்ப்பதற்கு மட்டும் போகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. வடக்கு அல்லது கிழக்கு நோக்கிய சரிவுக்குப் போங்கள். மாலை வெயில் சுடாத, மண் ஈரமாக இருந்தும் தண்ணீர் தேங்காத இடம். மேலே சுகர் மேப்பிள், டியூலிப் பாப்லர், பாஸ்வுட் போன்ற இலையுதிர் மரங்கள் முக்கால் பங்கு நிழல் போட்டிருக்க வேண்டும். இந்த மரங்களின் சருகு மக்கி, சுண்ணாம்புச் சத்து கூடிய கறுத்த மண்ணாகியிருக்கும். பைன் மரத்தடியிலும் ரோடோடென்ட்ரான் புதரிலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் மரத்தைவிடத் தரைச் செடிகளைத்தான் நம்புவேன். மெய்டன்ஹேர் பெரணி, ட்ரில்லியம், பிளட்ரூட், நீல கோஹோஷ், கறுப்பு கோஹோஷ் எல்லாம் கூடி நிற்கும் சரிவு என்றால் நடையை மெதுவாக்குங்கள். ராட்டில்ஸ்நேக் பெரணியை ஜின்செங்குக்கு வழிகாட்டி என்றே அங்குள்ள பழைய ஆட்கள் சொல்வார்கள்.

சருகில் கைவைக்கும் முன் கம்பால் தட்டிப் பாருங்கள். காப்பர்ஹெட் பாம்பும் டிம்பர் ராட்டில்ஸ்நேக்கும் இதே சரிவுகளில் உண்டு. திரும்பி வந்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஏராளமாக இருக்கிறதாமே. ஒன்றிரண்டு எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

எடுக்கக் கூடாது. தேசியப் பூங்காவில் ஒரு வேர் எடுத்தாலும் குற்றம்தான். 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். அப்புறம், தெரியவும் வரும். அங்கே பூங்கா ஊழியர்கள் வேர்களுக்குச் சாயம் இட்டு அடையாளம் வைக்கிறார்கள், வியாபாரியிடம் போனாலும் கண்டுபிடிக்க முடியும். திருடர்களிடம் பறிமுதல் செய்த வேர்களை மறுபடியும் மண்ணில் நட்டுப் பிழைக்க வைக்கப் பாடுபடுகிறவர்களும் அவர்களே.

தேசியக் காடு என்பது தேசியப் பூங்காவிலிருந்து வேறு. சில தேசியக் காடுகளில் அனுமதிச் சீட்டு வாங்கித் தோண்டலாம். ஆனால் நார்த் கரோலினாவின் நாண்டஹேலா, பிஸ்கா காடுகளில் செடி குறைந்துபோனதால் 2021-இல் அந்தச் சீட்டையும் நிறுத்திவிட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியாவில் காடோடு சேர்ந்த நிலம் வாங்கியிருக்கிறோம். சரிவில் ஜின்செங் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் காட்டினார். நம் நிலம்தானே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாமா?

முடியாது. சொந்த நிலத்துக்கும் பருவம் உண்டு. உங்கள் மாநிலத்தில் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரைதான். செடிக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும், 3 பிராங்காவது இருக்க வேண்டும், பழம் சிவந்திருக்க வேண்டும், அந்த விதைகளை எடுத்த இடத்திலேயே நட வேண்டும். அடுத்தவர் நிலம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இல்லினாய்ஸில் 10 வயது, 4 பிராங் என்று கேட்கிறார்கள். காட்டு வேரை ஏற்றுமதிக்குத் தோண்ட அனுமதிப்பவை 19 மாநிலங்களே. அமெரிக்க ஜின்செங் 1975 முதல், காட்டுயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முழு வேரும் நறுக்கிய துண்டும் அதற்குள் அடங்கும். பொடி, மாத்திரை, டீ அடங்காது.

வயதை எப்படிப் பார்ப்பது? ஒவ்வோர் ஆண்டும் தண்டு பட்டுப்போய் விழும்போது வேரின் கழுத்தில் ஒரு தழும்பு விட்டுப்போகும். தண்டின் அடியில் மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கினால் கழுத்து தெரியும். 4 தழும்பு இருந்தால் 5 வயது. குறைவாக இருந்தால் மண்ணையும் சருகையும் மூடிவிட்டு நகருங்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது. பிராங்கை மட்டும் நம்ப வேண்டாம். மண் மெலிந்த இடத்தில் வயதான செடிகூட 2 பிராங்கோடு நிற்கும்.

விதையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜின்செங் விதை விழுந்த அடுத்த வசந்தத்தில் முளைக்காது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் மண்ணில் உறங்கி, இரண்டாம் வசந்தத்தில்தான் தலை காட்டும். அதுவரை எலி தின்னாமலும் வெயிலில் காயாமலும் தப்ப வேண்டும். மேலே தூவிவிட்டுப் போனால் பெரும்பாலும் வீண். ஒவ்வொரு விதையையும் சுமார் 2 செ.மீ. ஆழத்தில் அழுத்தி, மேலே சருகை இழுத்துவிடுங்கள். பழத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொட்டியில் போடுவதும் வேண்டாம். தாய் வளர்ந்த மண்தான் பிள்ளைக்கும் சரி.

5 வயது ஆன எல்லாவற்றையும் எடுக்கலாம் என்று சட்டம் சொல்லலாம். ஒரே இடத்தில் பல செடி இருந்தால் பெரியவற்றைக் கட்டாயம் விட்டுவைக்க வேண்டும் என்பேன் நான். அதிகப் பழம் தருவது அவைதான்.

எங்கள் தோட்டத்துக் காட்டில் செடி வருகிறது, ஆனால் தலை மட்டும் காணாமல் போகிறது. யாரோ வருகிறார்களா? (பென்சில்வேனியா)

வேர் மண்ணில் இருக்கிறது, தலை மட்டும் இல்லை என்றால் மான்தான். வெண்வால் மானுக்கு இந்த இலை பிடிக்கும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்ராவும் மேரி ஆன் ஃபியூரெடியும் 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வில், மான் மேய்ச்சல் இதே அளவில் போனால் காட்டு ஜின்செங் நிலைக்காது என்று காட்டினார்கள். மான் தின்ற விதையும் வயிற்றோடு போயிற்று. வுட் த்ரஷ் என்ற பூங்குருவி அப்படி இல்லை. பழத்தைத் தின்று முளைக்கக்கூடிய விதையைக் கக்கிவிட்டுப் போகும். தலை போன செடி பெரும்பாலும் அடுத்த ஆண்டு வரும். வருடா வருடம் கடிபட்டால் சிறுத்துப் போகும். கம்பி வலை ஒன்றுதான் நம்பகமான வழி.

தோண்டிய வேரை நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தேன். வியாபாரி பாதி விலைதான் தருகிறார்.

தேய்த்ததும் தவறு, வெயிலும் தவறு. மண்ணை லேசாக அலசினால் போதும், வளையங்களில் மண் நிறம் தங்கியிருப்பதைத்தான் வாங்குபவர்கள் விரும்புவார்கள். காற்றோட்டமான நிழலில், வலைத்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். எடை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கழுத்தையும் பக்க வேர்களையும் முறிக்காதீர்கள், வயதுக்குச் சாட்சி அந்தக் கழுத்துதான்.

சிங்கப்பூர் மருந்துக்கடையில் ‘அமெரிக்க ஜின்செங்’ ஒன்று மலிவு, இன்னொன்று பல மடங்கு விலை. இரண்டும் ஒரே செடி என்கிறார்கள்.

உண்மைதான், ஒரே இனம். மலிவானது பண்ணையில் விளைந்தது. விஸ்கான்சினின் மாரத்தான் கவுண்டியிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் நிழல் பந்தல் போட்டு, பூஞ்சைக்கு மருந்தடித்து, மூன்று நான்கு ஆண்டில் எடுத்துவிடுவார்கள். வேர் பருத்து, வழவழப்பாக, வெளிறி இருக்கும். காட்டு வேர் மெலிந்து, கறுத்து, நெருக்கமான வளையங்களோடு, நீண்ட கழுத்தோடு இருக்கும். விலை அந்த வயதுக்கும் அரிய தன்மைக்கும்தான். டீ போட்டுக் குடிக்கப் பண்ணை வேரே போதும் என்பது என் கருத்து.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அப்பா இதயத்துக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறார். நாங்கள் ஜின்செங் எடுத்துக்கொள்ளலாமா?

அப்பாவுக்கு வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினின் வேலையை அமெரிக்க ஜின்செங் குறைக்கிறது என்று 2004-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. மருந்து வேலை செய்யாவிட்டால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உங்கள் விஷயத்தில், டொரன்டோவில் நடந்து 2000-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் 3 கிராம் ஜின்செங் சர்க்கரை ஏற்றத்தைக் குறைத்தது. அதனாலேயே கவனம் தேவை. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாகத் தாழ்ந்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

அமுக்கராவும் ஜின்செங்கும் ஒன்றா? நீலகிரியில் ஜின்செங் கிடைக்குமா?

ஒன்றில்லை. அமுக்கரா கத்தரிக்காய்க் குடும்பம். ‘இந்திய ஜின்செங்’ என்பது விற்பனைக்கு வைத்த பட்டம். உண்மையான ஜின்செங்கின் உறவினச் செடிகள் இந்தியாவில் சிக்கிம், அருணாச்சலம் பக்கத்து இமயமலையில் உண்டு, நீலகிரியில் இல்லை. நர்சரியில் ‘ஜின்செங் போன்சாய்’ என்று குண்டு வேரோடு விற்பது ஆல், அத்தி இனத்துச் செடி. அழகுக்கு வைக்கலாம், வேரைச் சாப்பிட முடியாது.

அமெரிக்கக் காட்டு வேர் சீனாவுக்கு எப்படிப் போனது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜார்த்து என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் சீனப் பேரரசருக்காக வரைபடம் தயாரிக்கப் போனபோது, 1709-இல் கொரிய எல்லைப் பக்கம் ஜின்செங்கைப் பார்த்தார். 1711-இல் எழுதிய கடிதத்தில், இதே போன்ற மலையும் காடும் உள்ள கனடாவிலும் இது இருக்கலாம் என்று ஊகித்தார். அந்தக் கடிதத்தைப் படித்த லாஃபிதோ என்ற பாதிரியார் மாண்ட்ரியால் அருகே மோஹாக் மக்களிடையே வாழ்ந்தவர். 1716-இல் அங்கேயே செடியைக் கண்டுபிடித்தார். உடனே வணிகம் சூடுபிடித்தது. 1750-களில் பேராசையில் பருவம் தவறித் தோண்டி அடுப்பில் அவசரமாக உலர்த்திய வேரைச் சீன வாடிக்கையாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு 1784 பிப்ரவரியில் ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ என்ற கப்பல் நியூயார்க்கிலிருந்து கேன்டனுக்குக் கிளம்பியது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு சீனாவுக்கு அனுப்பிய முதல் வணிகக் கப்பல் அது. அதன் முக்கியச் சரக்கு சுமார் 30 டன் ஜின்செங். எல்லைப்புற வீரராகப் புகழ்பெற்ற டேனியல் பூன்கூட ஜின்செங் வாங்கி விற்றவர்தான். ஒரு முறை அவர் படகு ஒஹாயோ ஆற்றில் கவிழ்ந்து சரக்கு நனைந்து போனது.

சொந்தக் காட்டில் புதிதாக நட ஆசை. எங்கே தொடங்குவது?

இந்தக் கேள்வி இன்னும் நிறையப் பேரிடமிருந்து வர வேண்டும். பதப்படுத்தி உறக்கம் தெளிந்த விதையாக வாங்குங்கள், அடுத்த வசந்தத்திலேயே முளைக்கும். கூடுமானால் உங்கள் மாநிலத்து விதை. இலை உதிரும் காலத்தில், மேலே சொன்ன மாதிரிச் சரிவில் சருகை ஒதுக்கி, விதையைத் தூவி மிதித்து, சருகை மூடுங்கள். உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம். முதல் ஆண்டில் மூன்று சிற்றிலையோடு ஸ்ட்ராபெரிக் கன்று போலத்தான் தெரியும், களை என்று பிடுங்கிவிடாதீர்கள். நெருக்கமாக விதைத்தால் பூஞ்சை நோய் ஒரே வீச்சில் பரவும், அதனால் இடைவெளி விடுங்கள். வேர் விற்கும் தரத்துக்கு வர 8 முதல் 10 ஆண்டு ஆகும். பழம் அதற்கு முன்பே வந்துவிடும், அதை அங்கேயே நட்டுக்கொண்டு போகலாம்.